போட்ட பிள்ளைக்கு என்ன பயம்?

"தடுப்பூசி நன்றாக வேலை செய்கிறது என்கிறீர்கள். அப்படியானால் உங்கள் பிள்ளைக்குப் போட்டுக்கொள்ளுங்கள். என் பிள்ளைக்குப் போடாவிட்டால் உங்களுக்கு என்ன நட்டம்?"

பள்ளியில் சேர்க்கத் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது. 2025-ல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் தட்டம்மை பரவி 762 பேருக்கு நோய் கண்டது. பள்ளி வயதுப் பிள்ளைகள் இருவர் இறந்தார்கள். அப்போதும் வந்தது. நியாயமான கேள்விதான். கடமை, உரிமை என்று வாதாடுவதற்கு முன்னால் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். பெருக்கலும் சதவீதமும் தெரிந்தால் போதும்.

தட்டம்மை என்றால் தமிழ்நாட்டில் மணல்வாரி, இலங்கையில் சின்னமுத்து. காற்றில் பரவும் வைரஸ். நோயாளி இருமிவிட்டுப் போன அறையில் இரண்டு மணி நேரம் வரை மிதந்துகொண்டிருக்கும். உடம்பில் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே அடுத்தவருக்குத் தொற்றும். 'நோய் வந்தால் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறோம்' என்ற உறுதிமொழி இதனால்தான் எடுபடுவதில்லை. வந்திருப்பது தெரியும்போது நான்கு நாள் கடந்திருக்கும். யாருக்குமே எதிர்ப்பாற்றல் இல்லாத ஊரில் ஒரு நோயாளி சராசரியாக 12 முதல் 18 பேருக்குத் தொற்றவைப்பார். கணக்குக்கு 15 என்று வைத்துக்கொள்வோம்.

ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளி. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். தடுப்பூசியை இரண்டு தவணையும் போட்டால் 97% பேருக்குத் தட்டம்மையிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கிறது. மீதி 3% பேருக்கு ஊசி போட்டும் எதிர்ப்பாற்றல் உருவாவதில்லை. அவர்கள் யார் என்று பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. அட்டையில் இரண்டு தேதியும் சரியாக இருக்கும்.

முதலில், மருத்துவக் காரணத்தால் போட முடியாத ஐந்து பேரைத் தவிர எல்லாரும் போட்டுக்கொண்ட பள்ளி. போட்டவர்கள் 995 பேரில் 30 பேருக்குப் பலிக்கவில்லை. அந்த ஐந்து பேரையும் சேர்த்தால் நோய் பிடிக்கக்கூடியவர்கள் 35 பேர், அதாவது 3.5%. ஒரு நோயாளி தொற்றவைக்கப்போவது 15-ல் 3.5%, சுமார் அரை ஆள். இரண்டு நோயாளிக்கு ஒரு புது நோயாளி என்றால் சங்கிலி தானாக அறுந்துவிடும்.

ஐம்பது பேர் போடவில்லை என்றால்? போட்ட 950 பேரில் பலிக்காதவர்கள் 28. மொத்தம் 78 பேர். 15-ல் 7.8% என்பது 1.17. ஒன்றைத் தாண்டிவிட்டது. இந்த நிலையில் நோய் மெதுவாகத்தான் வளரும். நோயாளிகளைத் தனிமைப்படுத்தி அடக்கிவிடலாம். நூறு பேர் போடவில்லை என்றால் எண் 1.9. தட்டம்மையில் ஒரு நோயாளியிலிருந்து அடுத்தவருக்கு நோய் தெரிய ஏறத்தாழ 12 நாள் ஆகும். ஒவ்வொரு 12 நாளுக்கும் கிட்டத்தட்ட இரட்டிப்பு என்றால், ஒருவரில் தொடங்கியது இரண்டு மாதத்தில் ஒரே சுற்றில் 25 பேர் என்றாகும். டெக்சஸில் நோய் மையம் கொண்ட கெய்ன்ஸ் கவுன்டியில் மழலையர் வகுப்பில் எம்.எம்.ஆர். போட்டிருந்தவர்கள் சுமார் 82%தான். அதை நம் பள்ளிக்குப் பொருத்தினால் எண் 3-ஐத் தாண்டுகிறது.

எல்லாரும் எல்லாரோடும் சமமாகப் பழகுவதாக வைத்துப் போட்ட எளிய கணக்கு இது. உண்மையில் வகுப்பு, வேன், விளையாட்டுத் திடல் என்று தொடர்புகள் மாறும். ஆனாலும் தட்டம்மைக்கு 95% பேர் போட்டிருக்க வேண்டும் என்று ஏன் எல்லா நாடுகளிலும் சொல்கிறார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

முதல் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். ஐம்பது பேர் போடாத பள்ளியில் ஆபத்தில் இருப்பது அந்த ஐம்பது பேர் மட்டும் இல்லை. ஊசி போட்டும் பலிக்காத 28 பேர் இருக்கிறார்கள். ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பதால் உயிருள்ள வைரஸ் ஊசியைப் போட முடியாத பிள்ளை இருக்கலாம். அந்தப் பிள்ளைகளின் வீட்டில் ஊசிக்கு இன்னும் வயது வராத தம்பி, தங்கை இருப்பார்கள். இவர்களில் யாரும் எதையும் மறுத்தவர்கள் இல்லை.

'நோய் வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு ஊசி போட்டவர்களாமே' என்று செய்தி வருவதும் இதே கணக்கால்தான். 78-ல் 28 என்பது மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். ஆனால் போடாதவர்களில் 50-க்கு 50 பேரும், போட்டவர்களில் 950-க்கு 28 பேரும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று அதையே மாற்றிச் சொல்லிப் பாருங்கள்.

அந்த 3% எங்கிருந்து வருகிறது? தட்டம்மை அறிவியலிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. குழந்தை பிறக்கும்போதே தாயின் எதிர்ப்பொருள்கள் தொப்புள்கொடி வழியாக வந்து சேர்ந்திருக்கும். முதல் சில மாதங்களுக்கு அவை காவல். ஆனால் தடுப்பூசியில் இருப்பதும் உயிருள்ள, வலுவிழக்கச் செய்த தட்டம்மை வைரஸ்தான். குழந்தையின் உடம்பில் அது கொஞ்சமாவது பெருகினால்தான் நோய் எதிர்ப்பு அணுக்கள் அதன் முகத்தைப் பார்த்துப் படிக்கும். தாயின் எதிர்ப்பொருள் மிச்சமிருந்தால் ஊசி வைரஸைப் பெருகுவதற்கு முன்பே பிடித்துவிடுகிறது. குழந்தை எதையும் கற்றுக்கொள்வதில்லை. தாய் கொடுத்த காவல் ஒவ்வொரு குழந்தையிலும் ஒவ்வொரு வேகத்தில் கரைகிறது. ஒன்பது மாதத்தில் போட்டால் சுமார் 85% பேருக்குப் பலிக்கிறது. ஒரு வயதில் போட்டால் சுமார் 95% பேருக்கு. நோய் அபாயம் குறைந்த அமெரிக்கா 12 மாதம் வரை காத்திருக்கிறது. இந்தியாவில் அதுவரை காத்திருந்தால் இடையில் நோய் முந்திவிடக்கூடும் என்பதால் 9 முதல் 12 மாதத்துக்குள் முதல் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது.

இரண்டாவது தவணையைப் 'பூஸ்டர்' என்று பலர் நினைக்கிறார்கள். முதல் தவணை பலித்த குழந்தைக்கு அதனால் பெரிய லாபம் கிடையாது. முதல் முறை தவறிப்போன 15% பேருக்கு அளிக்கும் இரண்டாவது வாய்ப்பு அது. தவறியவர் யார் என்று வெளியிலிருந்து தெரியாததால் எல்லாருக்கும் போடுகிறோம்.

கையாளும் விதத்திலும் ஊசி பலிக்காமல் போகலாம். எம்.ஆர். மருந்து உலர்ந்த தூளாக வரும். 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். அதே நிறுவனம் அனுப்பும் கரைப்புநீரை அதேபோலக் குளிரவைத்துக் கலக்க வேண்டும். கலந்தபின் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆறு மணி நேரம், இந்தியத் திட்டத்தில் நான்கு மணி நேரம். அதற்குமேல் மிச்சமிருந்தால் கொட்டிவிட வேண்டும். இந்த மருந்தில் கிருமிநாசினி சேர்ப்பதில்லை. நேரம் கடந்தால் குப்பிக்குள் பாக்டீரியா வளரும்.

இந்தச் சின்ன வேலையில் நேர்ந்த தவறு ஒரு நாட்டையே உலுக்கியிருக்கிறது. 2018 ஜூலையில் பசிபிக் தீவு நாடான சமோவாவில், கரைப்புநீருக்குப் பதிலாகத் தசையைத் தளர்த்தும் ஒரு மருந்தைக் கலந்து போட்டதால் இரண்டு குழந்தைகள் இறந்தன. தடுப்பூசித் திட்டம் மாதக்கணக்கில் நின்றது. பெற்றோரின் நம்பிக்கையும் போனது. முதல் தவணை போட்ட குழந்தைகள் அந்த ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனார்கள். 2019 கடைசியில் தட்டம்மை வந்தது. சுமார் இரண்டு லட்சம் பேர் வாழும் நாட்டில் 5,700-க்கும் மேற்பட்டோருக்கு நோய். 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். நவம்பரில் அவசரநிலை அறிவித்து ஊசியைக் கட்டாயமாக்கினார்கள். டிசம்பர் 5, 6 தேதிகளில் அரசு அலுவலகங்களை மூடிவிட்டு, ஊசி போடாதவர் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, குழுக்கள் வீடு வீடாகப் போயின. கட்டாயம் வேலை செய்தது. ஆனால் குப்பியில் எதைக் கலக்கிறோம் என்பதை ஒழுங்காகப் பார்த்திருந்தால் அந்தக் கட்டாயத்துக்கே தேவை வந்திருக்காது என்பது என் கருத்து.

கட்டாயம் எந்த இடத்தில் பலன் தருகிறது என்பதற்கு கலிபோர்னியா நல்ல பாடம். 2014 டிசம்பரில் டிஸ்னிலேண்ட் பூங்காவில் தொடங்கிய தட்டம்மைக்குப் பிறகு, தனிப்பட்ட நம்பிக்கையைக் காரணம் காட்டி விலக்குப் பெறும் வசதியை 2015-ல் சட்டம் போட்டு நீக்கினார்கள். 2016 ஜூலையில் அது அமலுக்கு வந்தது. மழலையர் வகுப்பில் எல்லா ஊசியும் போட்டவர்கள் 2014-15-ல் 90.4%, 2016-17-ல் 95.6%. நம்பிக்கையின் பேரில் விலக்குப் பெற்றவர்கள் அதற்கு முன்பும் உச்சத்தில் 3% அளவுதான். மீதி உயர்வு எங்கிருந்து வந்தது? 'பிறகு போட்டுவிடுகிறோம்' என்று நிபந்தனையின் பேரில் சேர்ந்தவர்கள் 6.9%-லிருந்து இரண்டே ஆண்டில் 1.9% ஆகக் குறைந்ததுதான் பெரும்பங்கு. அவர்கள் எதிர்ப்பாளர்கள் இல்லை. தேதி தவறியவர்கள், அட்டையைத் தொலைத்தவர்கள். யாரும் திருப்பிக் கேட்காததால் அப்படியே இருந்தவர்கள். தொலைபேசியில் நினைவூட்ட ஒரு எழுத்தரை அமர்த்தினாலே பாதிக் கட்டாயம் தேவைப்படாது.

மாநிலச் சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். பத்துப் பள்ளி, பத்தாயிரம் பிள்ளைகள், போடாதவர்கள் 500 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 95%. ஒரே மனப்போக்குள்ள குடும்பங்கள் ஒரே பள்ளியை நாடி, அங்கே 410 பேரும் மற்ற ஒன்பது பள்ளிகளில் பத்துப் பத்துப் பேருமாக இருந்தால்? ஒன்பது பள்ளிகளில் பரவல் எண் 0.6. அந்த ஒரு பள்ளியில் 6.4. கலிபோர்னியா பள்ளிவாரியாகவே கணக்கை வெளியிடுகிறது. இந்தியாவிலும் ஆய்வுப் பணம் முதலில் இந்த மாதிரிக் கணக்கெடுப்புக்குத்தான் போக வேண்டும். மாநிலத்துக்கு ஒரு சதவீதம் என்று அச்சிடுவதால் எந்தத் தெருவுக்கு ஊசியை எடுத்துக்கொண்டு போவது என்று செவிலியருக்குத் தெரியாது.

எல்லா ஊசிக்கும் இந்த வாதம் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ரண ஜன்னி மண்ணிலிருந்து புண் வழியாக வருகிறது. ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவதில்லை. அந்த ஊசியை ஒருவர் மறுத்தால் ஆபத்து அவருக்கு மட்டும்தான். பொது நலன் பேசிக் கட்டாயப்படுத்த முடியாது. குழந்தை விஷயத்தில் மறுப்பவர் வேறு, ஆபத்தைச் சுமப்பவர் வேறு என்ற சிக்கல் மட்டும் மிஞ்சும். கோவிட் ஊசி கடும் நோயை நன்றாகத் தடுத்தது; புதுத் திரிபுகள் வந்தபின் பரவலைத் தடுக்கும் சக்தி குறைந்தது. 2022 மே 2-ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம் யாரையும் வற்புறுத்தி ஊசி போடக் கூடாது என்றது. பொது நலனுக்காக அளவான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் சொன்னது. ஆனால் ஊசி போடாதவரால் போட்டவரைவிட அதிகமாகப் பரவுகிறது என்பதற்குத் தரவு காட்டப்படாததால் அப்போதிருந்த கட்டுப்பாடுகள் அளவுக்கு மீறியவை என்றது. 1905-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜேக்கப்சன் வழக்கில் பெரியம்மை ஊசிக் கட்டாயத்தை ஏற்றபோதும், மறுத்தவருக்குத் தண்டனை ஐந்து டாலர் அபராதம்தான். யாரும் அவர் கையைப் பிடித்து ஊசி போடவில்லை. நோய்க்கு நோய் கணக்கு மாறும்போது கட்டாயத்தின் அளவும் மாற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வீட்டில் அம்மன் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டி, வெளியாரை உள்ளே விடாமல் இருப்பதில் ஒரு நன்மை உண்டு: அது தனிமைப்படுத்தல். மருத்துவரிடம் காட்டாமல் இருப்பதுதான் கெடுதல். நோய் கண்ட குழந்தைக்கு அடுத்தடுத்த இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும். ஒரு வயதைத் தாண்டியிருந்தால் நாளுக்கு 2 லட்சம் யூனிட், ஆறு முதல் பதினொரு மாதம் வரை 1 லட்சம். இது சிகிச்சை மட்டுமே, நோய் வராமல் தடுக்காது. அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும் என்பதால் மருத்துவர் கையால்தான் கொடுக்க வேண்டும்.

ஊசி போடாத பிள்ளை நோயாளியோடு பழகிவிட்டால் 72 மணி நேரத்துக்குள் எம்.எம்.ஆர். போட்டு நோயை முந்திவிட வாய்ப்பிருக்கிறது. அதையும் வேண்டாம் என்பவர்களுக்கு அமெரிக்கப் பள்ளிகளில் வழக்கமான விதி 21 நாள் வீட்டில் இருப்பது. கடைசியாகத் தொற்றுக்கு ஆட்பட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும் என்பதால், பள்ளியில் இன்னொரு பிள்ளைக்குத் தடிப்பு தோன்றினால் அந்த 21 நாளும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.