கிளர்வு நிலை

அணுக்கரு தன் மிகக் குறைந்த ஆற்றல் மட்டமான அடிநிலையை விட்டு, கூடுதல் ஆற்றலோடு மேல்மட்டம் ஒன்றில் இருப்பது கிளர்வு நிலை. ஈயம்-208இன் முதல் மேல்மட்டம் 2.61 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் (கருவின் ஆற்றலை அளக்கும் அலகு) இருக்கிறது. கார்பன்-12க்கு அது 4.44. படிக்கட்டு மாதிரிதான், இரண்டு படிக்கு நடுவே கால் வைக்க இடமில்லை.

இதன் ஆங்கிலப் பெயரான 'எக்ஸைட்டட் ஸ்டேட்' என்பதன் வேர் லத்தீன் 'எக்ஸிட்டாரே'. எழுப்புதல், உசுப்புதல் என்று பொருள். தமிழில் 'கிளர்ச்சி நிலை' என்றும் எழுதுகிறார்கள். பிழையில்லை, ஆனால் செய்தித்தாள் படிக்கிறவருக்குக் கிளர்ச்சி என்றால் கொடியும் ஊர்வலமும்தான். கிளர்தல் என்றால் மேலெழுதல், ஆகவே 'கிளர்வு' போதும். இலங்கைப் பாடநூல்களின் சொல் 'அருட்டல்'. தூங்குகிறவரை அருட்டுவது அங்கே அன்றாடப் பேச்சு. லத்தீன் வேருக்கு மிக நெருங்கிய தமிழ் இதுதான்.

கருவைக் கிளர்த்த ஒரு வழி புரோட்டானால் மோதுவது. புரோட்டான் கொண்டுபோன ஆற்றலிலிருந்து சிதறி வந்த ஆற்றலைக் கழித்துப் பார்த்தால், கரு பின்னுதைப்பில் (மோதலில் தள்ளப்பட்டு நகர்வதில்) வாங்கியது போக, மிச்சம் கிளர்வாற்றல். கரு அடிநிலையிலேயே நின்றால் மீட்சிச் சிதறல், கிளர்ந்தால் மீட்சியற்ற சிதறல். 'அற்ற' என்பதைப் பார்த்து ஆற்றல் எங்கோ தொலைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். புரோட்டான் இழந்தது கருவின் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. பெரும்பாலும் காமாக் கதிராக வெளியே வரும்.

20 மெகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான்களை மெல்லிய ஈயத் தகட்டில் செலுத்தி, 90 பாகையில் சிலிக்கான் உணர்கருவியை வைத்ததாகக் கொள்வோம். சிதறி வந்த புரோட்டான்களை ஆற்றல்வாரியாக எண்ணி வரைந்த நிறமாலையில், மீட்சிச் சிதறலின் முகடு சுமார் 19.8இல் விழும். 2.61 மட்டத்தின் முகடு 17.2இல். இரண்டுக்கும் சற்றுக் கீழே, 16.9இல், இன்னொரு முகடும் எழும்பலாம். ஈயத்தில் 2.9இல் புது மட்டம் என்று குறித்துவிடக் கூடாது. வெற்றிட பம்பின் எண்ணெய் ஆவி தகட்டில் படிந்து, புரோட்டான் கற்றை பட்ட இடத்தில் கரியாகியிருக்கும்; அந்தக் கார்பனின் மீட்சி முகடு அது. எடை குறைந்த கரு பின்னுதைப்பில் அதிகம் வாங்கிக்கொள்ளும், அந்த அளவும் கோணத்தோடு மாறும். கருவியை 60 பாகைக்கு நகர்த்துங்கள்: மீட்சி முகட்டிலிருந்து போலி முகட்டின் தூரம் 2.9இலிருந்து 1.5ஆகச் சுருங்கிவிடும். உண்மையான 2.61 மட்டம் ஏறக்குறைய அதே இடைவெளியில் நிற்கும். ஒரே கோணத்தில் எடுத்த நிறமாலையை நம்பி மட்டம் அறிவிக்கக் கூடாது என்பது இதனால்தான்.

உணர்கருவியின் தடிப்பும் காலை வாரும். 20 மெகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் சிலிக்கானில் 2 மி.மீ.க்குச் சற்று அதிகமாகவே ஊடுருவும். 1 மி.மீ. கருவி மட்டும் இருந்தால் துளைத்துக்கொண்டு போய்விடும். பதிவாவது ஆற்றலின் ஒரு பங்குதான். முன்னால் மெல்லிய கருவி, பின்னால் தடித்தது என்று அடுக்கி இரண்டையும் கூட்டுவார்கள். அப்படி அடுக்கினால் புரோட்டானையும், புரோட்டானும் நியூட்ரானும் ஒட்டிய டியூட்டரானையும் பிரித்தறியவும் முடியும்.