முட்டையிடல்: ராணித் தேனீ இடுகிறதா, போடுகிறதா?

பூச்சியியல் படித்தவர்கள் பேச்சில் ‘ஓவிபொசிஷன்’ என்ற சொல் அடிக்கடி வந்து விழும். கேட்க மிரட்டலாக இருக்கும், பிரித்தால் ஒன்றுமில்லை. லத்தீனில் ‘ஓவம்’ என்றால் முட்டை, ‘பொனெரெ’ என்றால் வைத்தல், இடுதல். இரண்டையும் சேர்த்தால் முட்டையிடல். நம் வாயில் ஏற்கெனவே புழங்குகிற சொல்தான்.

ஆனால் தமிழில் முட்டைக்கு ஒரே வினை இல்லை. கோழி முட்டை போடும், இடவும் செய்யும். மீன் சினை விடும். அன்றாடப் பேச்சில் ‘போடு’தான் மிகுதி. ராணித் தேனீ விஷயத்தில் மட்டும் நான் ‘இடு’ கட்சி. கையில் இருப்பதைக் கீழே விட்டாலும் போட்டதுதான். உரிய இடம் பார்த்து வைப்பதற்குத்தான் இடுதல் பொருந்துகிறது: பொட்டிடுகிறோம், பெயரிடுகிறோம், வித்திடுகிறோம். கோலத்தைப் போடத்தானே செய்கிறோம் என்று யாராவது மடக்கலாம். சரி, வழக்கு அப்படித்தான் கலந்து கிடக்கிறது. ஆனாலும் ராணி செய்வதைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு ‘போடு’ என்று சொல்ல மனம் வராது.

ராணி முதலில் தேனடையின் அறை ஒன்றுக்குள் தலையை நுழைத்துப் பார்க்கும். அறை சுத்தமாக இருக்கிறதா, எத்தனை அகலம் என்று முன்னங்கால்களை வைத்தே தடவி அறியும். பிறகு வெளியே வந்து, திரும்பி, நீண்ட வயிற்றை உள்ளே இறக்கும். சில நொடிதான், அடித்தளத்தின் நடுவில் ஒரே ஒரு முட்டை ஒட்டி நிற்கும். அடுத்த அறைக்கு நகர்ந்துவிடும். இத்தாலியத் தேனீ ராணி உச்சப் பருவத்தில் ஒரு நாளில் 1,500 முதல் 2,000 முட்டை வரை இப்படி இடும். மொத்த எடை ஏறக்குறைய அதன் உடல் எடைக்கே வந்துவிடும்.

அந்த முட்டையைக் காண்பதற்கே ஒரு பழக்கம் வேண்டும். வெயில் தோளுக்குப் பின்னாலிருந்து விழும்படி நின்று, தேனடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தைச் சற்றுச் சாய்த்து, அறையின் அடியை நேராகப் பார்க்க வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் நீளத்தில் வெள்ளை நூல் துணுக்கு போலத் தெரியும். முதல் நாள் செங்குத்தாக நிற்கும், பிறகு மெல்லச் சாய்ந்து, மூன்றாம் நாள் படுத்துவிடும். அன்றே புழு வெளிவரும்.

ராணி இல்லாமல் நெடுநாள் கிடந்த கூட்டில் சில வேலைக்காரத் தேனீக்களும் முட்டை வைக்கத் தொடங்கும். ஓர் அறையில் நான்கைந்து கிடக்கும். அவற்றின் வயிறு குட்டை, அடிவரை எட்டாது, அதனால் பல முட்டைகள் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும். இதைத் தாராளமாக ‘போடுதல்’ எனலாம்.

இந்த வேலைக்காரிகள் ஆண் தேனீயோடு கூடியதில்லை, ஆனாலும் முட்டை பொரியும். பொரிவது எல்லாம் ஆண். கோழி முட்டை பொரியாமல் கெட்டுப்போனால் கூமுட்டை என்கிறோம். உள்ளே கூழாகிப்போன முட்டை, அதாவது கூழ்முட்டை. விஷயம் தெரியாதவரைத் திட்டவும் அதுதான் உதவுகிறது. தேனீயிடம் அந்தத் திட்டு செல்லாது. கருவுறாத முட்டையிலிருந்து 16 குரோமோசோம்களோடு ஆண் வரும், கருவுற்றதிலிருந்து 32 குரோமோசோம்களோடு பெண் வரும். தந்தை இல்லாமலே ஆண் தேனீ பிறக்கிறது என்று 1845-இல் சிலேசியாவைச் (பெரும்பகுதி இன்றைய போலந்தில்) சேர்ந்த பாதிரியார் யான் ஜெர்ஜோன் எழுதியபோது பலர் ஏற்கவில்லை.

ராணி இரண்டையும் இடும். இளவயதில் பறந்து சென்று பத்து இருபது ஆண் தேனீக்களோடு கூடி, பெற்ற விந்தில் ஒரு பகுதியை உடலுக்குள் ஒரு சிறு உருண்டைப் பையில் வாழ்நாள் முழுக்கச் சேமித்து வைக்கும். இந்தப் பையின் பெயர் ‘ஸ்பெர்மாத்தீக்கா’. ‘தீக்கா’ என்றால் பெட்டி, உறை. விந்துப்பை என்றாலே போதும். அறை குறுகலாக, ஏறக்குறைய 5.3 மி.மீ. இருந்தால் பையிலிருந்து விந்து கசியும், பெண் முட்டை. 6.5 மி.மீ. அளவில் அகன்றிருந்தால் கசியாது, ஆண் முட்டை. முன்னங்கால் அளவெடுப்பது இதற்காகத்தான்.

‘ஓவிபாசிட்டர்’ என்பதும் அதே வேரில் வந்தது, முட்டையிடும் உறுப்பு. தேனீயில் அது கொடுக்காக மாறிவிட்டது. அதனால்தான் ஆண் தேனீக்குக் கொட்டத் தெரியாது. ராணிக்கும் கொடுக்கு உண்டு, ஆனால் முட்டை அதன் வழியாக வருவதில்லை. கொடுக்கின் அடியிலுள்ள துளை வழியாக வரும்.

இனி ‘ராணி’. வடமொழி ‘ராஜ்ஞி’ உருமாறி வந்த சொல். அரசித் தேனீ என்று தூய்மைப்படுத்தலாம், ஆனால் தவறு சொல்லில் இல்லை, உவமையில் இருக்கிறது. அரிஸ்டாட்டில் இதை அரசன் என்றே எழுதினார், சிலர் தாய் என்று அழைப்பதாகவும் குறித்தார். 1586-இல் ஸ்பெயின்காரர் லூயிஸ் மெந்தெஸ் தெ தோரெஸ் அது முட்டையிடும் பெண் என்று எழுதினார். 17-ஆம் நூற்றாண்டில் டச்சு அறிஞர் யான் ஸ்வாமர்டாம் அறுத்துப் பார்த்துச் சூலகங்களைக் காட்டினார். அரசன் போய் அரசி வந்தார், ஆட்சி மட்டும் போகவில்லை. உண்மையில் எந்த அகலத்தில் அறை கட்டுவது, ராணிக்கு எவ்வளவு ஊட்டுவது என்பதெல்லாம் வேலைக்காரிகள் கையில். கூடு பிரியும் காலம் நெருங்கினால் ஊட்டத்தைக் குறைப்பார்கள், முட்டையிடல் சுருங்கிப்போகும். ரஷ்ய மொழியில் ராணித் தேனீக்கு ‘மாத்கா’ என்று பெயர், கருப்பைக்கும் அதே சொல். நமக்குத் தாய்த் தேனீ என்பது பொருத்தமாக இருக்கும். அடைகாப்பது மட்டும் இந்தத் தாயின் வேலை இல்லை, தேனடையை 34, 35 டிகிரியில் கதகதப்பாக வைத்திருப்பது வேலைக்காரிகள்.

இத்தனையும் எழுதிவிட்டுப் பெட்டியைத் திறந்தால் என் வாயிலும் ‘ராணி எங்கே?’ என்றுதான் வரும். பல நாள் கண்ணில் படாது. செங்குத்தாக நிற்கும் முட்டை நாலு அறையில் தெரிந்தால் தேடுவதை விட்டுவிட்டுச் சட்டத்தை இறக்கி மூடிவிடலாம். நேற்றோ இன்றோ அது இங்கே இருந்திருக்கிறது.