ஜப்பானியத் தின்பண்டப் பெட்டியும் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளும்

மாதச் சந்தா கட்டி ஜப்பானிலிருந்து தின்பண்டப் பெட்டி வரவழைக்கும் பழக்கம், வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் பரவி வருகிறது. அரிசி முறுக்கல், கடற்பாசி வில்லை, மாச்சா சாக்லேட், பருவத்துக்கேற்ற இனிப்புகள் எனப் பத்துப் பதினைந்து வகைகள் ஒன்றாக வந்து சேர்கின்றன. உணவு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆலோசனை சொல்லும் உணவியலாளராகிய என்னிடம் இவற்றைப் பற்றிக் கேட்க வரும் பெற்றோர், பெரும்பாலும் பெட்டியுடன் வந்த ஆங்கிலக் கையேட்டைத்தான் எடுத்து வருகிறார்கள். நான் கேட்பது பண்டத்தின் உறையை. கையேடு பெட்டியை அடுக்கிய நிறுவனம் தொகுத்தது. பண்டத்தைச் செய்தவர் சட்டப்படி பொறுப்பேற்று அச்சிட்டது உறையின் பின்புறத்தில் ஜப்பானிய மொழியில் இருக்கிறது. இவ்விரண்டும் முரண்பட்டால் உறையையே நம்ப வேண்டும்.

உறையில் என்ன இருக்கும் என்பது ஜப்பானின் விதிகளைப் பொறுத்தது. அங்கே நுகர்வோர் விவகார முகமை வகுத்துள்ள பட்டியல் இரண்டு அடுக்குகளைக் கொண்டது. முட்டை, பால், கோதுமை, சோபா எனப்படும் பக்வீட், நிலக்கடலை, இறால், நண்டு ஆகியவற்றைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். 2023 மார்ச்சில் வால்நட்டும் இந்த அடுக்கில் சேர்க்கப்பட்டு, மாற்றத்துக்கு 2025 மார்ச் வரை அவகாசம் தரப்பட்டது. சோயா, எள், பாதாம் போன்றவை இரண்டாம் அடுக்கில் உள்ளன. அவற்றைக் குறிப்பிடுமாறு அரசு பரிந்துரைக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள் கட்டாயப் பட்டியலில் இருப்பதால், அங்கு வாழும் குடும்பங்கள் உறையில் எள் சொல்லப்படவில்லை என்றாலே எள் இல்லை என்று எடுத்துக்கொள்கின்றன. ஜப்பானிய உறைக்கு அந்த வாசிப்பு பொருந்தாது. மூலப்பொருள் வரிசையில் எள் என்று தனியாக வந்தால் தெரிந்துவிடும். தாவர எண்ணெய், கலவைச் சுவையூட்டி போன்ற பொதுப் பெயர்களுக்குள் அடங்கிவிட்டால் தெரியாமலே போகலாம். கடுகு இந்த இரண்டு அடுக்குகளிலும் இல்லை என்பதைக் கடுகு ஒவ்வாமை உள்ளவர்கள் தனியாகக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

நான் அதிகம் கவலைப்படுவது செம்பெய் என்னும் அரிசி முறுக்கலைப் பற்றித்தான். அரிசியில் செய்தது, ஆகவே கோதுமை ஆகாத பிள்ளைக்கு ஏற்றது என்ற நினைப்பு மிக இயல்பாக எழுகிறது. ஆனால் அதன் மேல் பூசப்படுவது பெரும்பாலும் சோயா சாஸ். ஜப்பானில் அந்தச் சாஸ் வழக்கமாகச் சோயாவும் கோதுமையும் சேர்த்து நொதிக்க வைத்துச் செய்யப்படுகிறது. கோதுமை ஒவ்வாமை உள்ளவருக்கு உறையில் எச்சரிக்கையாவது இருக்கும். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் புரதம் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் உள்ளவருக்கு நிலைமை இன்னும் கடினம், ஏனெனில் பார்லியும் ரை தானியமும் ஜப்பானின் ஒவ்வாமைப் பட்டியலில் எந்த அடுக்கிலும் இடம்பெறவில்லை. முளைகட்டிய பார்லியில் செய்யும் மால்ட் சேர்ந்த பிஸ்கட்டின் உறையில், ஒவ்வாமைப் பொருள்களைக் காட்டும் கட்டத்தில் கோதுமை இல்லாதிருக்கலாம். மூலப்பொருள் வரிசையை முழுவதும் படித்தால்தான் மால்ட் கண்ணில் படும்.

சோபா நம் சமையலில் இல்லாத தானியம் என்பதால் பலர் அந்தப் பெயரைக் கடந்துபோகிறார்கள். ஜப்பானில் கடும் ஒவ்வாமைக்குப் பேர்போன பொருள் அது. கியோட்டோவில் புகழ்பெற்ற சோபா போரோ என்னும் பிஸ்கட் அந்த மாவில் செய்யப்படுவது.

மீன் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் சைவ உணவுக்காரர்களுக்கும் ஒரு செய்தி. மீன்களில் சால்மனும் கானாங்கெளுத்தி இனமும் மட்டுமே பரிந்துரை அடுக்கில் உள்ளன. ஜப்பானியச் சுவையின் அடித்தளமான கட்சுவோபுஷி என்பதோ சூரை இன மீனைப் புகையிட்டு உலர்த்திச் செய்வது. இலங்கைச் சமையலில் மாசிக் கருவாடாகப் பயன்படும் அதே மீன்தான். உருளைக்கிழங்கு வறுவலிலும் அரிசி முறுக்கலிலும் அதன் தூளோ சாரமோ சேரும்போது, ஒவ்வாமைக் கட்டத்தில் மீன் என்ற சொல்லே வராமல் இருக்கலாம்.

இறாலும் நண்டும் ஆகாதவர்கள் நோரி கடற்பாசியைக் கவனிக்க வேண்டும். நோரி வளரும் கடற்பகுதியில் சிறு இறால்களும் நண்டுகளும் வாழ்வதால், அறுவடையில் அவை கலந்துவிடக்கூடும் என்பதைப் பல உறைகள் சிறு எழுத்தில் சொல்கின்றன. இந்தச் சிறு எழுத்துப் பகுதி மற்றொரு காரணத்துக்காகவும் முக்கியமானது. ‘கலந்திருக்கலாம்’ என்று பொதுவாக எழுதிவைப்பதை ஜப்பானிய விதி அனுமதிப்பதில்லை. அதற்கு மாறாக, இன்ன பொருள் சேர்ந்த பண்டங்களும் இதே ஆலையில் தயாராகின்றன என்று உண்மை நிலையை விவரிக்கும் வாக்கியம் கட்டத்துக்கு வெளியே இருக்கும். கட்டத்தை மட்டும் படம் பிடித்து மொழிபெயர்ப்புச் செயலியில் இடுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். ஆகவே உறையின் பின்புறம் முழுவதையும், மடிப்பை விரித்து, நல்ல வெளிச்சத்தில் படம் பிடிக்கச் சொல்கிறேன்.

பெரிய பையைப் பிரித்து, உள்ளிருக்கும் தனித்தனிச் சிற்றுறைகளில் ஒன்றிரண்டை மட்டும் பெட்டியில் வைத்திருந்தால், விவரம் அச்சிட்ட வெளிப்பை உங்களிடம் வந்து சேராது. அத்தகைய பண்டத்தை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான அறிவுரை. கையேட்டில் அதன் பெயருக்கு நேரே எந்த எச்சரிக்கையும் இல்லாவிட்டாலும் இதை நான் தளர்த்துவதில்லை.

பிப்ரவரிப் பெட்டிகளில் செட்சுபுன் விழாவுக்கான வறுத்த சோயா வரக்கூடும். ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கெட்டியான வறுத்த பயறுகளையும் கொட்டைகளையும் தர வேண்டாம் என்று ஜப்பான் அரசே 2021-இல் எச்சரித்தது, அவை மூச்சுக்குழாயில் சிக்கும் என்பதால். சிறு கிண்ணங்களில் வரும், கொன்னியாகு என்னும் கிழங்கின் மாவில் செய்த ஜெல்லியும் தொண்டையை அடைக்கும் அபாயம் உள்ளது. கொன்னியாகு சேர்த்த ஜெல்லி இனிப்புகளை ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் தடை செய்தது. ஒவ்வாமை இல்லாத வீட்டிலும் இவ்விரண்டையும் சிறு குழந்தைகளுக்கும் விழுங்குவதில் சிரமம் உள்ள முதியவர்களுக்கும் எட்டாமல் வையுங்கள்.

இந்தப் பெட்டிகளை நிறுத்துங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. புதிய சுவையை அறியும் ஆசை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கும் உண்டு. பெட்டி வந்ததும் பெரியவர் ஒருவர் எல்லா உறைகளையும் படித்துப் பிரித்து வைத்த பிறகு பிள்ளையின் கையில் கொடுக்கலாம். பண்டத்தைத் தின்று முடித்த பின்னும் உறையை மறுநாள் வரை எறிய வேண்டாம், ஏனெனில் உடலில் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்தால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். அட்ரினலின் ஊசி பரிந்துரைக்கப்பட்ட பிள்ளை என்றால், அந்த ஊசி அதே அறையில் இருக்கிறதா, அதன் காலாவதி நாள் கடந்துவிடவில்லையா என்று பார்த்துக்கொண்டு, பகல் வேளையில், ஒரு நேரத்தில் ஒரு புதிய பண்டம் என்ற அளவில் கொடுங்கள்.