களிமண்ணில் ஒளிந்திருக்கும் தண்ணீர்

களிமண்ணை எவ்வளவுதான் வெயிலில் காயவைத்தாலும் அதிலுள்ள தண்ணீர் முழுவதும் போய்விடாது. தொட்டால் பொடிப்பொடியாக உதிரும். ஆனால் அகச்சிவப்பு ஒளியைச் செலுத்திப் பார்த்தால் உள்ளே தண்ணீர் இருப்பது பளிச்சென்று தெரியும்.

ஆனால் நமக்குத் தெரிவது தண்ணீர்தானா? களிமண் கனிமங்கள் சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் எல்லாம் சேர்ந்த மெல்லிய தகடுகளின் அடுக்கு. அந்தத் தகட்டின் உடம்பிலேயே ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் பதிந்திருக்கிறது. அது தண்ணீர் இல்லை. கயோலினைட் என்ற களிமண் கனிமத்தைச் சுமார் 500 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால்தான் அது கட்டமைப்பை உடைத்துக்கொண்டு நீராவியாக வெளியேறும். தகடுகளுக்கு இடையே புகுந்து தங்கும் தண்ணீரின் கதை வேறு. அதில் பெரும்பகுதி 100 டிகிரியைச் சற்றுத் தாண்டும்போதே கிளம்பிவிடும்.

வேதிப்பிணைப்புகள் சும்மா இருப்பதில்லை, அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. தன் அதிர்வுக்கு ஒத்த அகச்சிவப்பு ஒளியை ஒவ்வொன்றும் உறிஞ்சுகிறது. ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலைகள் அடங்கும் என்ற அலையெண்ணால் அதைக் குறிப்பார்கள். ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு நீண்டு சுருங்கும் அதிர்வு கயோலினைட்டில் 3,695, 3,669, 3,652, 3,620 என நான்கு கூரிய முகடுகளாகத் தெரியும். தண்ணீரோ 3,400-ஐச் சுற்றி அகன்ற மேடாகப் பரவிக் கிடக்கும். தண்ணீரை வாங்கி உப்பும் மாண்ட்மொரில்லோனைட் என்ற களிமண் கனிமத்தில் ஹைட்ராக்சில், தண்ணீர் இரண்டின் முகடுகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்வதால் இந்தப் பகுதியை மட்டும் நம்பினால் குழப்பம்தான்.

நம்பகமான சாட்சி 1,630-க்குப் பக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் மூலக்கூறின் இரண்டு ஹைட்ரஜன்களும் கத்தரிக்கோலின் கைகள்போல் விரிந்து மூடும் அதிர்வு அது. ஹைட்ராக்சிலுக்கு இருப்பது ஒரே ஹைட்ரஜன். கத்தரிக்கு வழியே இல்லை. அது அலுமினியத்தோடு சேர்ந்து வளையும் அதிர்வு 915-க்கு அருகே தனியாக வரும்.

சரி, இனிதான் சுவாரசியம். மாண்ட்மொரில்லோனைட்டின் தகடுகளுக்கு நடுவே சோடியம், கால்சியம், மெக்னீசியம் போன்ற அயனிகள் இருக்கின்றன. முழுக்கக் காய்ந்த நிலையில் அடுக்கிடைவெளி (தகட்டின் தடிமனையும் சேர்த்து) சுமார் 1 நானோமீட்டர். ஓரடுக்குத் தண்ணீர் புகுந்தால் 1.25, இரண்டடுக்கானால் 1.5 என்று கனிமம் படிப்படியாக உப்பும். தண்ணீர் நிறைய இருக்கும்போது கத்தரி அதிர்வு சாதாரணத் தண்ணீரைப் போலவே 1,640-ஐ ஒட்டி நிற்கும். உலர உலர 1,630 பக்கம் இறங்கும். கடைசியில் மிஞ்சுபவை அயனியை ஒட்டிக்கொண்ட மூலக்கூறுகள். ஒரு தண்ணீர் மூலக்கூறின் ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனை இழுத்துப் பிடிப்பதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. இவற்றுக்குள் அது குறைவு. அந்தப் பிணைப்பு குறைந்தால் மூலக்கூறு எளிதாக வளையும், அலையெண்ணும் இறங்கும். துணையே இல்லாத நீராவி மூலக்கூறில் இது 1,595. வெறும் பத்து எண் நகர்வுதான், ஆனால் தண்ணீர் யாரோடு சேர்ந்திருக்கிறது என்பதையே சொல்லிவிடுகிறது!

ஆய்வகத்தில் இதை அளப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. காற்றின் ஈரமும் இதே இடத்தில் உறிஞ்சும். மாதிரியைக் கலந்து வில்லையாக்கும் பொட்டாசியம் புரோமைடும் ஈரத்தை இழுக்கும். அதனால் உலர்ந்த நைட்ரஜனைச் செலுத்திக்கொண்டே அளப்பதுண்டு.

செவ்வாயில் களிமண்ணைக் கண்டுபிடித்ததும் இந்த வழியில்தான். இங்கே அலையெண்ணுக்குப் பதில் அலைநீளத்தைச் சொல்வார்கள்: நீட்சியும் கத்தரியும் சேர்ந்து 1.9 மைக்ரோமீட்டரில் உறிஞ்சினால் தண்ணீர், 2.2-இல் என்றால் அலுமினியத்தோடு பிணைந்த ஹைட்ராக்சில், 2.3 பக்கம் என்றால் இரும்போடோ மெக்னீசியத்தோடோ பிணைந்த ஹைட்ராக்சில். மார்ஸ் எக்ஸ்பிரஸ் விண்கலத்தின் ஒமேகா கருவி இந்தத் தடங்களைச் சுற்றுப்பாதையிலிருந்தே படித்தது. 2005-இல் அந்த முடிவுகள் வெளியாயின.