திருவிருந்து ஞாயிறு மட்டும் வராதவர்கள்

எங்கள் தென்மாவட்டச் சபைகளில் இதைக் கவனித்திருப்பீர்கள். மற்ற ஞாயிறுகளில் முதல் மணிக்கே வந்துவிடுகிற சிலர், அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து ஆராதனை என்றால் மட்டும் வர மாட்டார்கள். வந்தாலும் பந்திக்கு எழுந்து போக மாட்டார்கள். கேட்டால் காய்ச்சல், வெளியூர் வேலை என்று ஏதாவது சொல்வார்கள். யார் மேலோ கோபத்தை வைத்துக்கொண்டு பந்தியில் சேரப் பயம். உண்மையான காரணம் இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருக்கும் சொந்த அண்ணனாக இருக்கும். இல்லையென்றால் போன சபைத் தேர்தலில் எதிரணியில் நின்றவராக இருக்கும்.

மனநல ஆலோசகராக நான் சந்திக்கும் கிறிஸ்தவர்களில் "எனக்குக் கோபம்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் குறைவு. தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, மாத்திரை போட்டும் பிபி இறங்கவில்லை என்று டாக்டர் அனுப்பித்தான் வருவார்கள். யார் மேலாவது மனவருத்தமா என்று கேட்டால், "சேச்சே, நான் எல்லாரையும் மன்னிச்சிட்டேன் மேடம்" என்பார்கள். சொல்லும்போதே தாடை இறுகும்.

இந்த அவசர மன்னிப்பு நோயைக் கூட்டுகிறது என்பதுதான் என் அனுபவம். கோபம் வந்தாலே பாவம் என்று சிறுவயதிலேயே பழக்கிவிடுகிறோம். ஆனால் வேதம் அப்படிச் சொல்லவில்லை. சூம்பின கையுடைய மனுஷனை ஓய்வுநாளில் சுகமாக்குவதற்குமுன் இயேசு சுற்றிலும் கோபத்தோடே பார்த்தார் என்று மாற்கு 3-ம் அதிகாரத்தில் இருக்கிறது. 109-ம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். "அவன் பிள்ளைகள் திக்கற்றவர்களும், அவன் மனைவி விதவையுமாகக்கடவர்கள்" என்று எதிராளியைப் பற்றி ஒருவன் ஜெபிக்கிறான். அதைச் சபையில் சத்தமாக வாசிக்கக் கூச்சப்படுகிறோம், சரி. ஆனாலும் அதை வேதத்திலிருந்து யாரும் கிழித்துப் போடவில்லை.

அப்படியானால் உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டால் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். கோபமூட்டப்பட்ட கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினரை, கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தச் சொன்னார்கள். அவர்களுடைய கோபம் தணியவில்லை. எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அவர்கள்தான் கூடுதல் ஆத்திரத்தோடு இருந்தார்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ராத்திரி பதினொரு மணிக்கு நாம் அனுப்பும் வாய்ஸ் மெசேஜும் இந்த ரகம்தான். சங்கீதக்காரன் செய்தது வேறு. அவன் எதிராளியிடமோ ஊராரிடமோ போகவில்லை. நியாயம் தீர்க்கிறவரிடம் வழக்கைக் கொடுத்துவிடுகிறான். அதனால் ஆலோசனைக்கு வருகிறவர்களிடம், நடந்ததை ஒன்று விடாமல் ஆண்டவருக்குக் கடிதமாக எழுதச் சொல்வேன். நாகரிகம் பார்க்க வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். பலருக்கு அழுகையே அப்போதுதான் வருகிறது. கோபத்துக்குக் கீழே பெரும்பாலும் அவமானம் இருக்கும்.

அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எழுதிட்டேன். ஆனா அவர்மேல அன்பு வரலையே?"

அடையாளம் தெரியாதபடி மாற்றி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அப்பா வீட்டை அண்ணன் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டார். தம்பி கோர்ட்டுக்குப் போனார். மதனி தெருவில் எதிரே வந்தால் இவர் அடுத்த தெருவில் திரும்பிவிடுவார். அன்பு வருகிறதா என்று தினமும் மனதைத் தோண்டிப் பார்த்து, வரவில்லையே என்று தன்மேலும் கோபப்பட்டுக்கொண்டிருந்தார். யாத்திராகமம் 23-ம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னேன். சத்துருவின் மாடோ கழுதையோ வழிதப்பிப் போவதைக் கண்டால் அதைத் திரும்ப அவனிடம் கொண்டுபோய் விடவேண்டும் என்று கட்டளை. மாட்டுக்காரன் மேல் அன்பு பொங்கும்வரை காத்திரு என்று அங்கே எழுதியில்லை. எவரெட் வொர்திங்டன் என்ற உளவியலாளர், இனி இவருக்குத் தீங்கு நினைக்க மாட்டேன் என்று முடிவெடுப்பதை ஒரு மன்னிப்பாகவும், உள்ளுணர்வு மாறுவதை வேறொரு மன்னிப்பாகவும் பிரிக்கிறார். இரண்டும் ஒன்றாகவே வரவேண்டியதில்லை. வொர்திங்டனுடைய தாய் கொள்ளைக்காரனால் அடித்துக் கொல்லப்பட்டவர் என்பதால், அவர் ஏட்டறிவை மட்டும் வைத்துப் பேசுகிறார் என்று தள்ளிவிட முடியாது.

பிறகு ஒரு நாள் அண்ணனை டயாலிசிஸுக்கு அழைத்துப்போக ஆள் இல்லாமல் போனது. தம்பி தன் வண்டியை எடுத்தார். போகும்போதும் வரும்போதும் இருவரும் பேசிக்கொள்ளவில்லையாம். வழக்கு இன்னும் நடக்கிறது. தூக்க மாத்திரை மட்டும் பாதியாகக் குறைந்திருக்கிறது.

வழக்கை வாபஸ் வாங்கினால்தானே மன்னிப்பு என்று அவருடைய உறவினர்களே கேட்டார்கள். ஒடிசாவின் மனோகர்பூரில் 1999 ஜனவரியில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்சையும் பிலிப், திமொத்தி என்ற இரு மகன்களையும் ஜீப்பில் தூங்கும்போது எரித்துக் கொன்றார்கள். மன்னித்துவிட்டேன் என்று மனைவி கிளாடிஸ் வெளிப்படையாகச் சொன்னார். அதே மாநிலத்தில் தங்கி தொழுநோயாளிகளுக்கான பணியைத் தொடர்ந்தார். நீதிமன்றமும் தன் வேலையைச் செய்தது. முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்கு 2003-ல் விதித்த தூக்கு, 2005-ல் ஆயுள் தண்டனையானது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தனிப்பட்ட பழியை விட்டுவிடுவதும் சட்டம் நடப்பதும் ஒன்றையொன்று தடுக்கவில்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அடிபட்டு வரும் மனைவியிடம், "சகிச்சுக்கோம்மா, ஜெபம் பண்ணு, அவர் மாறிடுவார்" என்று சொல்லித் திருப்பி அனுப்பும் சபைகள் உண்டு. சத்துருவைச் சிநேகிக்கச் சொன்ன வசனத்தை இப்படிப் பயன்படுத்துவது எனக்கு ஆத்திரமூட்டுகிறது. "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்று எழுதிய பவுலுக்கு, கூடாத இடமும் உண்டு என்று தெரிந்திருக்கிறது. வீட்டில் வன்முறை என்றால் முதலில் பாதுகாப்பான இடம், 181 என்ற மகளிர் உதவி எண், 2005-ம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். மன்னிப்பைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்; அவசரமே இல்லை.

சிலருடைய கோபத்துக்கு எதிரியே இருக்க மாட்டார். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவது, கூடவே தூக்கமும் பசியும் மாறுவது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். ஆண்களிடம் பல நேரம் அது சோகமாகத் தெரியாமல் சிடுசிடுப்பாகத்தான் தெரியும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் எரிச்சலும் படபடப்பும் வரும். குடி இருந்தால் அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். உபவாச ஜெபத்துக்குப் பெயர் கொடுக்கும் அதே வாரத்தில் ஒரு இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளலாம்.