"உங்களுக்கு 58 ஆயிருச்சும்மா" என்று எஸ்டேட் ஆபீஸில் சொன்னால்

நீலகிரியில் பந்தலூர் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கிற என் சித்தியை ஒருநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற மஸ்டரிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆபீஸில் கிளார்க் பழைய பேரேட்டைத் திருப்பிக் காட்டினார். பிறந்த தேதி 1-1; வருஷம் மட்டும் வேறு மையில் திருத்தியிருந்தது. பக்கத்திலேயே ஒரு தாள் தயாராக இருந்தது. சித்தி கைநாட்டு வைத்துவிட்டு வந்துவிட்டார். "சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்" என்று அதில் இருப்பதைச் சாயங்காலம் நான்தான் படித்துச் சொன்னேன்.

வயதைக் காட்டி வெளியேற்றுவதைத் தடுக்கத் தனியார் வேலைக்கென்று இங்கே தனிச் சட்டம் இல்லை. ஓய்வு வயது ஒப்பந்தத்தில் இருக்கும், பெரும்பாலும் 58. ஆகவே பிடிக்க வேண்டியது பிறந்த தேதியைத்தான். எந்தச் சான்றை வைத்து 58 என்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை எதிலும் கையெழுத்து வேண்டாம். விருப்ப விலகல் என்று எழுதிக் கொடுத்தால் ஆட்குறைப்பு இழப்பீடு கேட்கிற வழியும் அடைபடும்.

ஆதாரை நீட்டாதீர்கள். அது வயதுக்குச் சான்று ஆகாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பள்ளிச் சான்றிதழ் இருந்தால் அதுதான் பலம். சிலோனிலிருந்து திரும்பிய குடும்பமென்றால் டிரங்குப் பெட்டியைக் கிளறுங்கள். அப்பாவின் பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை எதிலாவது உங்கள் வயது எழுதியிருக்கலாம்.

எங்களுக்குக் கைகொடுத்தது பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கு. அதில் சித்திக்கு 55தான். அந்தத் தேதியை எழுதி அனுப்பியதே இந்த எஸ்டேட்! 58 ஆயிற்று என்று ஆபீஸில் சொன்னதும் முதலில் பி.எஃப். விவரத்தை பிரிண்ட் எடுத்துவிடுங்கள். இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. எஸ்டேட்டுக்கு 58, பி.எஃப்.புக்கு 55 என்ற நிலையில் அவசரப்பட்டு பென்ஷனுக்கு எழுதிப்போட்டால், 58க்குக் குறைகிற ஒவ்வொரு வருஷத்துக்கும் பென்ஷனில் 4 சதவீதம் பிடிப்பார்கள். மூன்று வருஷத்துக்கு 12 சதவீதம், ஆயுசுக்கும்.

கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, தனிக் கணக்கு. ஐந்து வருஷம் முடித்தவருக்கு, வருஷத்துக்கு 15 நாள் கூலி. நாள் கூலி 450, சர்வீஸ் 24 வருஷம் என்றால் 1,62,000 ரூபாய். 30 நாளில் தர வேண்டும், தாமதித்தால் வட்டியோடு. "தற்காலிகமா இருந்த வருஷம் சேராது" என்பார்கள். 240 நாள் வேலை செய்த வருஷமெல்லாம் சேரும். பணம் வாங்கும்போது "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதுங்கள்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அதைச் சாக்காக வைத்து "பழைய சட்டம் போச்சு" என்று திருப்பி அனுப்பினால் நம்பாதீர்கள். கிராஜுவிட்டியின் 15 நாள் கணக்கு மாறவில்லை.

குன்னூர் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய்வர ஒருநாள் கூலி போச்சு. "சங்கத்துக் கடிதம் இல்லையா?" என்றார்கள். வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் தனியாளாகவே மனு கொடுக்கலாம். நகலில் சீலும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். "சார் மீட்டிங்கில் இருக்கார்" என்றால் ஸ்பீடு போஸ்டில் போட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இரண்டு வருஷம் தாண்டினால் சமரசப் பேச்சுக்கே எடுக்க மாட்டார்கள்.

சித்தியின் மனுவுக்கு மூன்று முறை பேச்சுக்குத் தேதி போட்டாயிற்று. எஸ்டேட் தரப்பில் யாரும் வரவில்லை. அடுத்த தேதிக்கு அந்தப் பேரேட்டையே கொண்டுவரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம்.