கருப்புத் திரை வந்ததும் ஃபார்மட் அடிக்காதீங்க, ப்ளீஸ்

இந்த மாதத்தில் என் சர்வீஸ் கடைக்கு இப்படி வந்த நான்காவது லேப்டாப் இது. கொண்டுவந்தவர் இறுதியாண்டு பொறியியல் மாணவர். விண்டோஸோடு சேர்த்துப் போட்டிருந்த உபுண்டு (லினக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம்) வேண்டாம் என்று தோன்றியிருக்கிறது, விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து உபுண்டு இருந்த பார்ட்டிஷனை (வட்டில் பிரித்து வைத்த பகுதியை) டிலீட் செய்திருக்கிறார். ரீஸ்டார்ட் செய்தால் கருப்புத் திரையில் 'க்ரப்>' என்று மட்டும் வந்து நிற்கிறது. இதுவரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை, ஐந்து நிமிட வேலைதான். ஆனால் ஹாஸ்டலில் ஒரு சீனியர் "ஹார்டு டிஸ்க் கரப்ட் ஆயிடுச்சு, ஃபார்மட் அடிச்சுடு" என்று சொல்ல, இவரும் பென்டிரைவில் விண்டோஸ் ஏற்றி, இருந்த பார்ட்டிஷன் எல்லாவற்றையும் அழித்து, புதிதாக விண்டோஸ் போட்டுவிட்டு, அப்புறம் என்னிடம் வந்து "டி டிரைவில் புராஜெக்ட் இருந்தது, எடுத்துத் தர முடியுமா அண்ணா?" என்கிறார்.

முடியவில்லை. உள்ளே இருந்தது எஸ்எஸ்டி, சுழலும் தட்டு இல்லாத சிப் வகை வட்டு. ஃபார்மட் செய்யும்போதே 'இந்த இடத்தில் இருப்பது இனி வேண்டாம்' என்று வட்டுக்குச் சொல்லும் டிரிம் கட்டளை போய்விடும், அதன்பிறகு தேடினால் பெரும்பாலும் வெறும் பூஜ்யங்கள்தான் கிடைக்கும். பழைய சுழலும் ஹார்டு டிஸ்காக இருந்தால் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டி ஏதாவது தேற்றியிருப்பேன்.

சரி, எனக்கு எரிச்சல் வருகிற இடத்துக்கு வருகிறேன். உபுண்டு பார்ட்டிஷனை அழித்தால் உபுண்டு மொத்தமாகப் போய்விடும், அதற்குப் பிறகும் பூட் ஆகவில்லை என்றால் விண்டோஸும் சேர்ந்து போய்விட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இரண்டுமே தப்பு. யுஇஎஃப்ஐ (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருளின் புதிய வகை) உள்ள கணினியில் டிரைவ் எழுத்தே இல்லாத ஒரு சின்ன ஃபேட்32 பார்ட்டிஷன் இருக்கும், விண்டோஸ் போட்டது என்றால் வழக்கமாக 100 எம்பி. அதற்குப் பெயர் இஎஃப்ஐ பார்ட்டிஷன். விண்டோஸைத் தொடங்கிவைக்கும் பூட் மேனேஜர் அதில் ஒரு ஃபோல்டரில், உபுண்டுவைத் தொடங்கிவைக்கும் க்ரப் இன்னொரு ஃபோல்டரில். யாரை முதலில் கூப்பிடுவது என்ற வரிசை மதர்போர்டில் இருக்கிறது. நீங்கள் அழித்தது உபுண்டுவைத்தான், க்ரப்பை இல்லை. அது இன்னும் வரிசையில் முதல் ஆளாக நிற்கிறது, தன் மெனுவைத் தேடிப் போகிறது, போன இடத்தில் வீட்டையே காணோம், அதனால் உங்களைப் பார்த்து முழிக்கிறது. அந்தக் கருப்புத் திரை அவ்வளவுதான். விண்டோஸ் பக்கத்து வீட்டில் நிம்மதியாக இருக்கிறது.

லேப்டாப்பை அணைத்து, ஆன் செய்யும்போது எஃப்12 அல்லது எஃப்9 அல்லது எஸ்கேப் (கம்பெனிக்கு ஏற்ப மாறும்) தட்டி, பூட் மெனுவில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். திறந்துவிடும். பிறகு பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் பக்கம்) அதையே முதலுக்குக் கொண்டுவந்தால் வேலை முடிந்தது. யூடியூபைப் பார்த்து 'பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர்' கட்டளையைப் பத்து தடவை அடித்துவிட்டு வருபவர்களும் உண்டு. அது வட்டின் முதல் பகுதியிலிருந்து பூட் ஆகும் பழைய எம்பிஆர் கணினிக்கான வைத்தியம், யுஇஎஃப்ஐயில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இன்னொன்று, டி டிரைவில் வைத்தால் பத்திரம் என்பது. தம்பி, பெரும்பாலும் சி-யும் டி-யும் ஒரே வட்டு! நடுவில் ஒரு கோடு கிழித்திருக்கிறோம், அவ்வளவே. பேக்கப் என்றால் வேறொரு வட்டில் இருக்க வேண்டும்.

டூயல் பூட் (ஒரே கணினியில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம்) போடப் போகிறவர்கள் விண்டோஸ் பார்ட்டிஷனைச் சுருக்குவதை விண்டோஸுக்குள்ளிருந்தே செய்யுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை (விண்டோஸை முழுதாக அணைக்காமல் வைக்கும் வசதி) அணையுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் பாதித் தூக்கத்தில் இருக்கும்போது லினக்ஸிலிருந்து அதன் பார்ட்டிஷனைத் தொடுவீர்கள். இன்ஸ்டாலரில் 'எரேஸ் டிஸ்க்' என்றால் முழு வட்டும்தான், நீங்கள் ஒதுக்கி வைத்த காலி இடம் மட்டும் இல்லை. இதைப் படிக்காமலேயே அமுக்கிவிட்டு வருபவர்களுக்கு என்ன பதில் சொல்வது? பயாஸில் கை வைக்கும் முன் பிட்லாக்கர் (வட்டைப் பூட்டி வைக்கும் என்க்ரிப்ஷன்) இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது நிறைய லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே உங்களுக்குத் தெரியாமலேயே அது ஆன் ஆகியிருக்கும். செக்யூர் பூட்டை (நம்பகமான பூட் மென்பொருளை மட்டும் ஓடவிடும் பயாஸ் செட்டிங்) மாற்றியதும் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அந்தக் கணக்கிலேயே அது இருக்கும், முன்கூட்டியே எழுதி வையுங்கள். கீ இல்லையென்றால் நானும் ஒன்றும் செய்ய முடியாது, வேறு எந்தக் கடைக்காரரும் செய்ய முடியாது.

என்ன செய்வதென்று புரியவில்லையா, அணைத்துவிட்டு அப்படியே கொண்டுவாருங்கள். அதன்மேல் எதையும் புதிதாக எழுதாமல் இருந்தாலே எனக்குப் போதும்.

அந்த மாணவர் புராஜெக்ட் கைடுக்கு அனுப்பிய பழைய மெயிலில் இரண்டாம் ரிவ்யூ வரைக்குமான புரோகிராம் கோட் கிடைத்திருக்கிறது. மீதியை உட்கார்ந்து மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறார்.